புகைபோக்கி சர்வீஸ் பற்றிய புகார்: இன்றே கவனிக்க வேண்டியது

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு

பொருள்: கோடைக் கடைசியில் உங்கள் நிறுவனம் செய்த புகைபோக்கி சர்வீஸுக்குப் பின், முதல் நெருப்பிலேயே வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு பரவியது தொடர்பாக.

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கொஞ்சம் நீளம். அதனால் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு படித்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பணியாளர் இந்தக் கோடையில் எந்தெந்த வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்தாரோ, அந்த வீடுகளுக்கெல்லாம் இன்றே போன் செய்யுங்கள். அடுப்புக்குள் இருக்கும் தடுப்புத் தட்டைக் கழற்றிப் பார்க்கும்வரை நெருப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரவில் குளிர் தொடங்கிவிட்டது. இலையுதிர் காலத்தின் முதல் நெருப்பை எல்லோரும் இந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள்தான் மூட்டுவார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது வார்ப்பிரும்பு விறகுக் கணப்பு. கண்ணாடிக் கதவு வைத்தது. எட்டு குளிர்காலமாக அதில்தான் குளிர்காய்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் வருவதற்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுவோம். இதுவரை செய்து கொடுத்தவர் ஓய்வுபெற்றுவிட்டதால் இந்த வருடம் உங்களிடம் வந்தோம். உங்கள் பணியாளர் கூரை மேல் ஏறி, மேலிருந்து பிரஷ்ஷை இறக்கித் தேய்த்தார். கீழே வந்து அடுப்புக்குள் கிடந்த கரியை அள்ளினார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார், கிளம்பிவிட்டார். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். அள்ளிய கரி இரண்டு கைப்பிடிதான் தேறியது. ஒரு குளிர்காலம் முழுக்க எரித்த அடுப்பில் இவ்வளவுதானா என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேட்காமல் விட்டது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நெருப்பு எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயம். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. காற்று சில்லென்று திரும்பினதுமே, "எப்பப்பா அடுப்பு மூட்டப் போற?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். மகள் முன்னாலேயே சுள்ளி பொறுக்கிச் சேர்த்து வைத்துவிடுவாள். விறகு அடுக்குவது நான். அன்று வெளியே 9 டிகிரி. சாப்பிட்டு முடித்துவிட்டு மூன்று பேரும் அடுப்பு முன்னால் உட்கார்ந்தோம். மனைவி மாடியில் இருந்தார்.

நான் எப்போதும் மேலிருந்து கீழாக எரிகிற மாதிரிதான் அடுக்குவேன். அடியில் இரண்டு கனமான கட்டை, அதன் மேல் குறுக்காக மெல்லிய விறகு, அதற்கும் மேல் சிராய், உச்சியில் பற்றவைக்கும் கட்டி. இப்படி அடுக்கினால், கீழே இருக்கும் விறகு சூடாகி விடுகிற புகை மேலே உள்ள சுடர் வழியாகப் போய் எரிந்துவிடும். அதனால் புகை குறைவு. பற்றவைப்பதற்கு முன் ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி, புகை மேலே போகும் வழியருகே பிடித்தேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்த புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். அதைக் கொஞ்சம் சூடாக்கிக் கிளப்பிவிட்டால்தான் இழுப்பு வரும். இது அடுப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காகிதப் புகை மேலே போகவில்லை. அங்கேயே சுழன்று, திரும்பக் கீழே இறங்கியது. சரி, முதல் நாள்தானே, புகைபோக்கி இன்னும் சூடேறவில்லை என்று நினைத்தேன். இன்னொரு காகிதம் கொளுத்தினேன், அப்புறம் சிராயைப் பற்றவைத்தேன்.

நெருப்பு பிடித்தது. ஆனால் அந்தச் சுடரில் உயிரே இல்லை. போன வருடமெல்லாம் மஞ்சளாகத் துள்ளி எரிந்த அடுப்பு அது. அன்று அழுக்கு ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக அசைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கண்ணாடி கறுத்துவிட்டது. கதவை ஒரு விரல் அளவு திறந்தால் புகை முகத்துக்கு வந்தது. அறைக்குள் காற்று போதவில்லையோ என்று ஜன்னலைச் சிறிது திறந்து பார்த்தேன், மாற்றமில்லை. அடுப்புக்குக் காற்று போகும் காற்றுத் திறப்பு முழுவதும் திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா, "தலை பாரமா இருக்குப்பா" என்றார். புகையால் இருக்கும் என்று நானும் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பற்றவைத்து அரை மணி நேரத்தில் அலாரம் அடித்தது. புகை அலாரம் இல்லை, கார்பன் மோனாக்சைடு அலாரம். திரையில் 112 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 112 பங்கு அந்த வாயு. ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மகளையும் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடினோம். தீயணைப்புத் துறையினர் வந்து, அளந்து பார்த்து, காரணம் தெரியும்வரை இந்த அடுப்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார்.

இந்த வாயுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் போனில் உங்கள் ஆட்கள் பேசியதைக் கேட்ட பிறகு எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் அலாரத்தோடு வந்த தாளில், 50 பிபிஎம் என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள் அடிக்கும் என்று போட்டிருக்கிறது. அதாவது அலாரம் அடிக்கும் முன்பே அம்மாவும் மகளும் நானும் பல நிமிடம் அதைச் சுவாசித்திருக்கிறோம். அந்தப் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருந்தால்? அம்மா அந்தச் சூட்டில் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிற வழக்கம் உள்ளவர்.

மறுநாள் காலை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "விறகு ஈரமா இருந்திருக்கும் சார், முதல் நெருப்புல புகை வர்றது சகஜம்தான்" என்று பதில் வந்தது. யாராவது வந்து பார்க்கிறோம் என்று சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்ன பிறகும் அதே பதில்தான்.

ஈர விறகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீராக இருக்கலாம். அதை எரித்தால் நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், புகைபோக்கிக்குள் தார் போலப் படியும், அந்தப் படிவு பிறகு தீப்பிடிக்கவும் கூடும். அதனால்தான் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் வராமல் நான் எந்த விறகையும் உள்ளே கொண்டுவருவதில்லை. அன்று எரித்தது இரண்டு கோடை காய்ந்தது. மேலே கூரை, பக்கவாட்டில் காற்றோட்டம், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கு. உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு அதே அடுக்கிலிருந்து ஐந்து கட்டையை எடுத்துப் பிளந்தேன். வெளிப்பக்கத்தில் அளந்தால் ஏமாற்றும் என்பதால், புதிதாகப் பிளந்த உள்முகத்தில் ஈரமானியை வைத்து அளந்தேன். ஐந்திலும் 15 முதல் 17 சதவீதம்தான். இதைச் சொல்ல இரண்டாவது தடவை போன் செய்தபோது, காற்றுத் திறப்பைத் திறந்தீர்களா என்று கேட்டார்கள். மூன்றாவது தடவை, திரும்ப அழைக்கிறோம் என்றார்கள். இதுவரை அழைக்கவில்லை.

ஆறாவது நாள் வேறொரு புகைபோக்கிக்காரரை எங்கள் செலவில் வரவழைத்தோம். அவர் கூரை பக்கமே போகவில்லை. டார்ச்சோடு அடுப்பு முன்னால் படுத்து, உள்ளே கைவிட்டு, நெருப்புக்கு மேலே இருக்கும் தடுப்புத் தட்டைத் தூக்கிச் சாய்த்தார். பொலபொலவென்று கரி கொட்டியது. உலர்ந்த கரி, தார்ப் பொருக்கு, நடுவே ஏதோ பறவை கூட்டுக்குக் கொண்டுவந்த சுள்ளிகள். அரை வாளி நிறைந்தது.

அந்தத் தட்டு எதற்கு இருக்கிறது என்பது உங்கள் தொழிலின் அரிச்சுவடி. சூடும் புகையும் நேராகப் புகைபோக்கிக்குள் ஓடிவிடாமல் ஒரு சுற்று சுற்றிப் போக வைக்கும். அதனால் புகையில் இருக்கும் எரியாத வாயுக்களும் எரியும், சூடும் அறையில் தங்கும். தட்டின் விளிம்பில் இருக்கும் இடைவெளிதான் புகைக்கு ஒரே வழி. மேலிருந்து பிரஷ் போட்டால் விழுகிற கரி நேரே அடுப்புக்குள் வராது, அந்தத் தட்டின் முதுகில்தான் குவியும். தட்டைக் கழற்றி அந்தக் குவியலை எடுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். உங்கள் பணியாளர் தட்டைத் தொடவே இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு இருக்க வேண்டிய வழி ஒரு விரல்கூட இல்லாமல் அடைந்திருந்தது. சுத்தம் செய்யாமலே விட்டிருந்தால் அந்தக் கரி புகைபோக்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டாவது இருந்திருக்கும். உங்கள் சர்வீஸ்தான் அதை உதிர்த்துக் கொண்டுவந்து வழியை அடைத்திருக்கிறது.

முதல் நெருப்பில் இது இவ்வளவு ஆபத்தாக மாறியதற்குக் காரணம் இருக்கிறது. நடுக்குளிரில், உள்ளே சூடும் வெளியே கடுங்குளிருமாக இருக்கும்போது புகைபோக்கியின் இழுப்பு பலமாக இருக்கும். இலையுதிர் காலத் தொடக்கத்தில் வெளியே அவ்வளவு குளிர் இல்லை, புகைபோக்கியும் சில்லிட்டுக் கிடக்கும். இழுப்பே பலவீனமாக இருக்கும் அந்த நாளில் வழியும் அடைத்திருந்தால் புகை வேறு எங்கே போகும்? அதோடு, முதல் நாள் என்பதால் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும் என்று வீட்டில் இருப்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் பொறுத்துக்கொண்டேன்.

படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் பணியாளர் கையெழுத்திட்ட தாளில் "தடுப்புத் தட்டு கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது", "புகைச் சோதனை செய்யப்பட்டது" என்ற இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கிறது. இரண்டும் நடக்கவில்லை. வேலை முடியும்வரை என் மனைவி அந்த அறையிலேயே இருந்தார். புகை வில்லை எதையும் கொளுத்தி, இழுப்பு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டே நிமிடத்தில் அடைப்பு தெரிந்திருக்கும். வேலையில் ஒன்றை மறப்பது வேறு, செய்யாததைச் செய்ததாக எழுதுவது வேறு. அந்தத் தாளை நம்பித்தான் அம்மாவை அடுப்பு முன்னால் உட்கார வைத்தேன்.

அந்தப் பணியாளரை வேலையை விட்டு நீக்குங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்று அவர் தண்ணீர்கூடக் குடிக்க நேரமில்லாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினார். ஒரு நாளைக்கு அவருக்கு எத்தனை வீடு கொடுத்திருக்கிறீர்கள், தட்டைக் கழற்றி மாட்ட ஆகும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தட்டைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தார்களா என்பதையும் அவரிடம் கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் பேச்சில் மரியாதையானவர். சொல்லிக் கொடுத்திருந்தால் செய்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் எதிர்பார்ப்பது இதுதான். மேலே சொன்ன வீடுகளுக்கு உடனே தகவல் போக வேண்டும், உங்கள் ஆட்கள் கட்டணமில்லாமல் திரும்பப் போய் ஒவ்வொரு தட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்குச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பெயர்கள் வேண்டாம். எங்களிடம் வாங்கிய சர்வீஸ் கட்டணத்தையும் இரண்டாவது ஆளுக்குக் கொடுத்த தொகையையும் திருப்பித் தர வேண்டும். புகை வருகிறது, அலாரம் அடித்தது என்று யார் போன் செய்தாலும், விறகைப் பற்றிக் கேட்பதற்கு முன் "எல்லோரும் வெளியே வந்துவிட்டீர்களா?" என்று கேட்க உங்கள் தொலைபேசி ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பணத்தைவிட எனக்கு இதுவும் முதலில் சொன்னதும்தான் முக்கியம்.

அடைப்பை எடுத்த பிறகு, அந்தப் புகைபோக்கிக்காரர் எங்கள் கண் முன்னால் புகைச் சோதனை செய்து காட்டினார். மறுநாள் மாலை அதே அடுக்கிலிருந்து அதே விறகை வைத்து மூட்டினேன். ஒரே ஒரு காகிதம் கொளுத்தியதுமே உள்ளே காற்று இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்தும் கண்ணாடி தெளிவாக இருந்தது, அலாரத்தில் பூஜ்யம். அம்மா மட்டும் அடுப்பு பக்கம் வரவில்லை. கூப்பிட்டதற்கு, கதவோரமாக நின்று, "அந்தப் பெட்டி என்ன காட்டுது?" என்று கேட்டார்.

கொட்டிய கரியை மூடி போட்ட தகர வாளியில் அப்படியே வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம். படிவத்தின் நகல், தட்டைக் கழற்றும்போது எடுத்த படங்கள், அலாரத் திரையின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். வீடுகளுக்குப் போன் செய்யத் தொடங்கிவிட்டீர்களா என்பதற்கு மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் வேண்டும். மற்றதற்கு ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்