மகளின் எலும்பைக் காப்பாற்றியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சாப்பாட்டை ஒதுக்கும் வியாதியில் எலும்பு பலவீனமாகி என் மகளின் காலில் விரிசல் கண்ட நாளிலிருந்து எங்களோடு நின்றவர்களுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொல்லி மாளாது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். அவளே படித்து, இரண்டு இடங்களை வெட்டச் சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது. எடை எவ்வளவு இருந்தாள் என்ற கணக்கு இதில் இருக்காது. இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு பிள்ளை அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று டயட்டீஷியன் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் நன்றி எலும்பு டாக்டருக்கு. பரதம் ஆடும் பெண்ணுக்குக் கால் வலி, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார். முழங்காலுக்குக் கீழே மயிரிழையாக ஒரு விரிசல். அதோடும் விடவில்லை. என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, மாதவிடாய் வருகிறதா, நேற்று முழுக்க என்னென்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் விசாரித்தார். 19 வயதில் எலும்பு விட்டுக்கொடுத்தால் காலை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை என்பது அவர் கட்சி.

மாதவிடாய் நின்று வெகுநாளாகியிருந்தது. அதற்கு முன்பு வேறோர் இடத்தில் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். போட்டால் வரும், விட்டால் நின்றுவிடும். சாப்பாட்டைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மாத்திரை உதிரத்தைத்தான் வரவழைக்கும், இந்த நோயில் எலும்பைக் காக்காது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குப் போன இடத்தில் எல்லோரும் பாட்டிமார். "யாருக்குத் துணையா வந்திருக்கே தாயி?" என்று ஒருவர் இவளைக் கேட்டார். ரிப்போர்ட்டில் முதுகெலும்பின் இசட் ஸ்கோர் மைனஸ் 2-க்கும் கீழே. அதாவது, அவள் வயதுப் பெண்களுக்கு இருக்க வேண்டியதைவிட எலும்பின் அடர்த்தி நன்றாகவே குறைவு.

ஹார்மோன் டாக்டர் அரை மணி நேரம் ஒதுக்கிப் படம் போட்டு விளக்கினார். எலும்பு தினமும் கரைந்து, தினமும் கட்டப்படுகிறது. உடம்புக்குப் போதிய சாப்பாடு போகாவிட்டால் மூளை முதலில் சினைப்பையை அடக்கிவிடுகிறது. அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும் எலும்பு கரைவது கூடுகிறது. கட்டும் வேலைக்கு வேண்டிய ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோன் சரிகிறது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பைப் பெரும்பாலும் சேர்த்து வைக்கிற வயதில் இது நடப்பதுதான் கொடுமை. கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார். ஆனால் சாப்பாடும் எடையும் திரும்பி, மாதவிடாய் தானாக வந்தால்தான் எலும்பு தேறும், போனது முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்று மழுப்பாமல் சொன்னார். பையன்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து இதே கதி வரும் என்றார். ஜிம்மே கதியென்று கிடக்கும் பையன்களின் அம்மாக்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மனநல மருத்துவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். "பிடிவாதம் இல்லம்மா, எடை கூடிடுமோன்னு பயந்து சாப்பாட்டை ஒதுக்குற வியாதி. அனோரெக்ஸியா நெர்வோசான்னு பேரு" என்று அவர் சொன்ன அன்றோடு எங்கள் வீட்டில் அதட்டல் நின்றது. தோசையை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி ஒற்றி, பேப்பரில் எண்ணெய் ஊறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளை இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தொட்டுக்கொள்ள வைத்தது டயட்டீஷியன் மேடத்தின் பொறுமை. முதலில் அரை ஸ்பூன், அதற்கே அழுகை. பட்டினி கிடந்த உடம்புக்குச் சாப்பாட்டைத் திடீரென்று ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து ஆபத்தாகும் என்று, ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்ய வைத்தார்.

அப்பத்தாவுக்கு நன்றி சொன்னால் திட்டு விழும், இருந்தாலும் சொல்கிறேன். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தட்டு காலியாகும்வரை சீரியல் வில்லியை வைதே பொழுதைக் கடத்தியது அப்பத்தாதான். எனக்கு அந்தக் கதையெல்லாம் இப்போது மனப்பாடம்.

டான்ஸ் டீச்சர் அரங்கேற்றத்தைத் தள்ளி வைத்தார். பிள்ளையைத் தள்ளி வைக்கவில்லை. ஆடக் கூடாதிருந்த மாதங்களில் பக்கத்தில் உட்கார வைத்து நட்டுவாங்கம் சொல்லிக் கொடுத்தார். வகுப்பில் யாருடைய இடுப்பைப் பற்றியும் யாரும் பேசக் கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டார். கருங்கல் தரையில் ஆடியதுதான் காரணமென்று பேசியவர்களுக்கு அவரே பதில் சொன்னார்: "அதே தரையிலதானே மத்த பிள்ளைங்களும் ஆடுதுங்க?"

"இளைச்சதும் என்னா களை!" என்று விசேஷ வீடுகளில் கொண்டாடிய சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. சொன்னதும் பலர் நிறுத்திக்கொண்டீர்கள், நன்றி. இப்போது "பூசினாப்ல இருக்கா" என்று ஆரம்பித்திருப்பவர்கள் அதையும் விட்டுவிட்டால் இன்னொரு நன்றி.

மாத்திரை இல்லாமலே மாதவிடாய் வருகிறது. இரண்டாவது ஸ்கேனில் முதுகெலும்பு கொஞ்சம் தேறியிருக்கிறது, இடுப்பெலும்பு அப்படியேதான். மனநல மருத்துவரிடம் போவது தொடர்கிறது. அரங்கேற்றம் எப்போது என்று கேட்டு யாரும் போன் போட வேண்டாம். நாள் குறித்ததும் எல்லார் வீட்டுக்கும் பத்திரிகையோடு நாங்களே வருகிறோம்.