கேம் மாஸ்டருக்கும் ஓர் இடம் வேண்டும்: ஆர்பிஜி ஸ்டூடியோக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்களை உருவாக்கும் ஸ்டூடியோக்களுக்கும், அவற்றை வெளியிடும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். பல வருடங்களாக வாரத்தில் ஓர் இரவு என் நண்பர்கள் நான்கு பேருக்குக் கதை நடத்தி வருகிறேன். அவர்கள் ஆடுவார்கள், நான் நடத்துவேன். இப்படி நடத்துபவரைத்தான் கேம் மாஸ்டர் என்பார்கள். காட்டில் யார் ஒளிந்திருக்கிறார், சத்திரக்காரி எதை மறைக்கிறாள், மழை எப்போது பிடிக்கும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இதற்காக நான் இன்றும் திறப்பது 2002-இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸைத்தான். அதைவிடப் பல மடங்கு அழகான கேம்கள் என் கணினியில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஆடுபவர்களுக்கு மட்டும்தான் இடம், நடத்துபவருக்கு இல்லை. அந்த இடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

எதைக் கேட்கிறேன் என்பது புரிய, ஓர் இரவைச் சொல்கிறேன். பாலத்தின் குறுக்கே ஓர் ஓக்ரேயை, அதாவது ஒரு முரட்டுப் பூதத்தை, நிறுத்தியிருந்தேன். என் திட்டத்தில் அது வெறும் சண்டை. எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் வாளை உருவுவதற்குள் அவர் தட்டச்சு செய்தார்: "இந்தக் குளிரில் உன்னை இங்கே தனியாக நிற்க வைத்தது யார்?" அதற்கு நான் வசனம் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் நெவர்விண்டர் நைட்ஸில் டிஎம் (கேம் மாஸ்டருக்கு அதில் உள்ள பெயர்) எந்த உயிருக்குள்ளும் புகுந்துகொள்ளலாம். கூடு விட்டுக் கூடு பாய்வது போலத்தான். நான் ஓக்ரேயானேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அப்புறம், "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று எழுதினேன். அன்று சண்டை நடக்கவில்லை. அந்த ஓக்ரே அடுத்த மூன்று மாதம் அவர்களுடனேயே வந்தது. அதற்குப் பெயர் வைத்தவரும் அந்த அமைதியான நண்பர்தான்.

எத்தனை ஆயிரம் வரி வசனம் எழுதினாலும் இந்தக் கேள்விக்கான பதிலை நீங்கள் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. உங்கள் எழுத்தாளர்கள் திறமைசாலிகள், அவர்களைக் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்கப்படும் அந்த நிமிடத்தில் அங்கே ஒரு மனிதர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது புது யோசனையும் இல்லை. 2000-இல் வந்த வாம்பயர்: தி மாஸ்கரேட் – ரிடெம்ப்ஷனிலேயே கதைசொல்லிக்கென்று தனி வசதி இருந்தது. இரண்டு வருடம் கழித்து, நெவர்விண்டர் நைட்ஸை உருவாக்கிய பயோவேர் அதை முழுமையாகவே செய்து காட்டியது. தன் சொந்தக் கதையைக் கட்டிய அதே அரோரா கருவியைப் பெட்டிக்குள் வைத்தே கொடுத்தது. ஒரு சர்வரில் 64 பேர் வரை ஆடலாம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஎம் உள்ளே வந்து அரக்கர்களை இறக்கலாம், பொருள் கொடுக்கலாம், எந்தப் பாத்திரமாகவும் பேசலாம். பின்னாளில் எழுத்தாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் அதில் ஒரு மாட்யூல், அதாவது ஆடக்கூடிய ஒரு தனிச் சாகசம், செய்து அனுப்பச் சொல்லியது அதே பயோவேர். அந்தக் கருவி எப்படிப்பட்ட பயிற்சிக்களம் என்பது அதை உருவாக்கியவர்களுக்கே தெரிந்திருந்தது.

அப்புறம் 2015-இல் ஸ்வோர்ட் கோஸ்ட் லெஜண்ட்ஸ் வந்தது. நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம். அதில் டிஎம் ஓர் அரக்கனை இறக்க வேண்டுமானால் அதற்குப் புள்ளி சேர்க்க வேண்டும். அதாவது டிஎம்மை ஆட்டக்காரர்களின் எதிரியாக வைத்து, அவர் வரம்பு மீறாமல் இருக்கக் கடிவாளமும் போட்டார்கள். அடிப்படையே அங்கேதான் தவறியது. கேம் மாஸ்டர் ஜெயிக்க வந்தவர் இல்லை. நண்பர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கும்போது அவர்களைவிட அதிகம் சந்தோஷப்படுகிறவர் அவர். அடுத்த வருடமே அதை உருவாக்கிய ஸ்டூடியோ மூடப்பட்டது. அதைக் காட்டி, இந்த வசதிக்கு ஆளில்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். ஆள் இருந்தார்கள், அவர்களின் கைதான் கட்டப்பட்டிருந்தது.

கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 2017-இல் லாரியன் ஸ்டூடியோ காட்டியது. டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2-இன் கேம் மாஸ்டர் மோடில், ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு படம், நாலு வரி, சில தேர்வுகள் என்று அந்த இடத்திலேயே எழுதி ஆட்டக்காரர்கள் முன் வைக்கலாம். எனக்கு அதில் மிகப் பிடித்தது இதுதான். எல்லாக் காட்சியையும் முப்பரிமாணத்தில் கட்டத் தேவையில்லை. திட்டமிடாத ஊருக்குள் நண்பர்கள் நுழைந்தால் ஒரு படமும் இரண்டு பத்தியும் போதும், மீதியை அவர்கள் மனம் பார்த்துக்கொள்ளும்.

அதே லாரியனின் பால்டர்ஸ் கேட் 3, 2023-இல் வந்தபோது அந்த மோட் இல்லை. எனக்கு அது உண்மையிலேயே வலித்தது. அடுத்த வருடம், ஆட்டத்தை நாமே மாற்றியமைக்க உதவும் மாடிங் கருவி வந்தது, நன்றி. ஆனால் கருவி வேறு, நடத்துவது வேறு. கருவியால் நேற்றே சிலவற்றைக் கட்டி வைக்கலாம். ஓக்ரேக்குக் குளிருமா என்று ஒருவர் இன்று கேட்டால், அதற்கு நேற்று கட்டியது எதுவும் பதில் சொல்லாது. எடிட்டர் கொடுத்துவிட்டோமே என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். கட்டியதை எங்கள் கையில் விடுங்கள். நெவர்விண்டர் என்ற ஆன்லைன் கேமில் ஃபவுண்ட்ரி என்றொரு வசதி இருந்தது. ஆட்டக்காரர்களே அதில் சாகசங்களை எழுதினார்கள். 2019 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், எழுதியவையும் கூடவே போயின. நெவர்விண்டர் நைட்ஸ் கதை வேறு. அதில் மாட்யூல் என்பது என் வட்டில் இருக்கும் ஒரு கோப்பு. சர்வரை நானே ஓட்டலாம், நண்பர்கள் முகவரியைக் கொடுத்து நேராக உள்ளே வரலாம். அதனால்தான் ஆட்டக்காரர்களே நடத்தும் அரேலித் போன்ற உலகங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2018-இல் பீம்டாக் நிறுவனம் அந்த ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, திரும்பி வர ஒரு கூட்டம் இருந்ததும் அதனால்தான்.

செலவாகும் என்பீர்கள். ஆகும், மறுக்கவில்லை. கதை நடத்துகிறவர்கள் எப்போதுமே சிலர்தான், எங்கள் ஐந்து பேரில் நான் ஒருவன். ஆனால் மற்ற நால்வரும் அந்த ஆட்டத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருப்பது அந்த ஒருவருக்காக. யாராவது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால்? பிடிக்காத சர்வரிலிருந்து ஆட்டக்காரர் வெளியேறிவிடுவார். நண்பர்களுக்குள் இதைவிடப் பெரிய காவல் தேவைப்பட்டதில்லை.

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். நான்கைந்து விஷயம் போதும்: ஓடும் ஆட்டத்தை நிறுத்துவது, எந்தப் பாத்திரத்துக்குள்ளும் புகுந்து பேசுவது, நினைத்ததை நினைத்த இடத்தில் இறக்குவது, அங்கேயே ஒரு பத்தி எழுதிக் காட்டுவது, எல்லாவற்றையும் எங்கள் கணினியில் சேமிப்பது. கிளைவிடும் உரையாடல்களை எழுதும் வசன மரமும் ஸ்கிரிப்ட்டும் அப்புறம் வரட்டும். வெளியீட்டு நாளில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வருடம் கழித்து வந்தாலும் காத்திருப்போம். வருமா வராதா என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். நண்பர்கள் இப்போது பனி மூடிய ஒரு கணவாயின் வாசலில் நிற்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் நகரத்தை எந்த ஆட்டத்தில் கட்டுவது என்று நான் தீர்மானிக்க வேண்டும்.

அன்புடன்,
கதை நடத்தும் ஓர் ஆட்டக்காரன்