பின்னர் பொருத்திய குரூஸ் கண்ட்ரோலுக்குத் தடை: டர்பன் பைக் பயணக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டர் வாரத்தில் டர்பனை அடுத்த இசிபிங்கோவின் மாரியம்மன் திருவிழா முடிந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா திரும்பும் உறுப்பினர்களோடு என்3 நெடுஞ்சாலையில் சேர்ந்து செல்லும் பயணத்துக்கு நீங்கள் வகுத்துள்ள விதிகளில் ஒன்றை மட்டும் மாற்றக் கோரி இதை எழுதுகிறேன். வைத்த வேகத்தைத் தானே காக்கும் குரூஸ் கண்ட்ரோல் உட்பட, கம்பெனியிலிருந்து வராமல், பின்னர் பொருத்தப்பட்ட எந்த வேகக் கருவியும் கூடாது என்கிற அந்த விதி, ஆபத்தான பொருளையும் ஆபத்தைக் குறைக்கும் பொருளையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிடுகிறது.

ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் மாட்டும் மலிவான இறுக்கிகளை நீங்கள் தடுப்பது முற்றிலும் நியாயம். அவை கைப்பிடியை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கின்றனவே தவிர வேகத்தைக் காப்பதில்லை. வான் ரீனன் கணவாயில் ஏறும்போது வண்டி தளர்ந்துவிடும், இறங்கும்போது தானாகவே வேகமெடுக்கும். பிரேக் பிடித்தாலும், கையால் திருப்பி மூடும்வரை ஆக்சிலரேட்டர் திறந்தேதான் இருக்கும்.

குரூஸ் கண்ட்ரோல் அப்படிப்பட்டதன்று. அது வண்டியின் வேகத்தை இடைவிடாமல் அளந்து, சிறு மோட்டாராலோ எஞ்சினின் வெற்றிட விசையாலோ ஆக்சிலரேட்டரைத் திறந்தும் மூடியும் வேகத்தைக் காக்கிறது. முன் பிரேக், பின் பிரேக் எதைத் தொட்டாலும் உடனே விட்டுவிடுகிறது. கிளட்சைப் பிடித்தாலும் அது விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சுமை நீங்கிய எஞ்சின் அலறிக்கொண்டு சுழலும். யமஹா எஃப்ஜேஆர்1300 வண்டிக்கு 2013 மாடலிலிருந்து கம்பெனியே இதை வைத்துத் தந்தது. உங்கள் விதிப்படி அந்த வண்டி வரலாம். அதற்கு முந்தைய மாடலில் இதே வேலையைச் செய்யும் கருவியை முறையாகப் பொருத்தியவர் வரக்கூடாது. இதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

பொருத்தியவரின் கைவேலையை எப்படி நம்புவது என்பதே உங்கள் கவலையென்றால், அது சரியான கவலைதான். ஆனால் அதைச் சோதித்துத் தீர்க்கலாம். நம்மில் சிலரிடம் இருப்பது கார்களுக்கென விற்ற ஆடியோவாக்ஸ் சிசிஎஸ்-100 என்ற குரூஸ் கண்ட்ரோல் கருவி. அதில் இழுவிசையைக் கடத்தும், சிறு மணிகள் கோத்தது போன்ற சங்கிலி, கையால் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது தொய்ந்து வழிவிட வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சங்கிலியோ கேபிளோ எங்கும் சிக்காமல் கைப்பிடி தானே மூடுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிரேக் விளக்கை எல்இடியாக மாற்றியவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அந்தக் கருவி பழைய பல்பின் இழை வழியே கிடைக்கும் எர்த் இணைப்பை எதிர்பார்ப்பதால், எல்இடி போட்டால் அது இயங்கவே மறுக்கும். அங்கே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வைத்திருக்கிறார்களா, அல்லது பிரேக் வயரையே துண்டித்து நேரே எர்த்தில் கட்டி, பிரேக் தொடுவது கருவிக்குத் தெரியாதபடி ஏமாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவதைச் செய்தவரை நானே வாசலிலிருந்து திருப்பி அனுப்புவேன்.

ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தூரத்தில் வலக்கை மரத்துப்போனவர் பிரேக்கை எட்டும் வேகம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. குரூஸ் கண்ட்ரோல் அந்தக் கைக்கு ஓய்வு தருகிறது. கூடவே, மணிக்கு 120 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டாமலிருக்க நொடிக்கொரு தரம் ஸ்பீடோமீட்டரைக் குனிந்து பார்க்கும் கண்கள் சாலைக்குத் திரும்புகின்றன. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: மழையிலும், கணவாயின் மூடுபனியிலும், 80 கிலோமீட்டர் வரம்புக்குட்பட்ட கனரக லாரிகள் வரிசைகட்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் பகுதியிலும், வண்டிகள் நெருங்கி வரும்போதும் அணைத்து வைக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

எனவே, அடுத்த கூட்டத்தில் அந்த வரியை நீக்கி, இறுக்கிகளுக்கு மட்டும் தடையும், பின்னர் பொருத்திய குரூஸ் கண்ட்ரோலுக்குப் பிரேக், கிளட்ச், கேபிள் ஆகிய மூன்றின் சோதனையும் என்று திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் சோதனைக்கு என் வண்டியையே கொண்டுவருகிறேன்; டேங்கைக் கழற்றி வைத்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
குழுவின் உறுப்பினர் ஒருவர், சாட்ஸ்வொர்த்