குயவர் கோடும் உடையவர் கீறலும்: எங்கள் தொல்லியல் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு நம் நேரத்தை விழுங்கியது பானை ஓட்டுப் பதிவேடுதான்.

அதில் வண்ணம், கோடு, கீறல் மூன்றையும் ‘அலங்காரம்’ என்ற ஒரே கட்டத்தில் எழுதிவந்தோம். அது பிழை. சுடுமுன் இட்டது குயவர் கை. சுட்டபின் கீறியது பெரும்பாலும் கலத்தை வைத்திருந்தவர் கை. ஈர மண்ணில் கீறினால் மண் இருபுறமும் ஒதுங்கி வரப்புபோல் நிற்கும், பள்ளமும் மேற்பரப்பும் ஒரே நிறமாக இருக்கும். சுட்டபின் கீறினால் ஓரம் பொடிந்திருக்கும், பூச்சு கிழிந்து உள்மண் தெரியும், ஒரே கோட்டை இரண்டு மூன்று முறை இழுத்த தடமும் வழுக்கிய வாலும் இருக்கும். நேர் வெளிச்சத்தில் இதெல்லாம் பிடிபடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, வரப்பின் நிழல் விழும்படி படம் எடுக்க வேண்டும். ஃபிளாஷில் எடுத்த பழைய படங்கள் வீணானது இதனால்தான்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை ஏன் வேண்டும் என்பது விளங்கும். அங்கே ஈமக்குழிக் கலங்களில் கீறிய குறிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதி ஓடுகளில் குறிகளோடு, தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்தில் ‘கண்ணன் ஆதன்’ போன்ற பெயர்களும் வருகின்றன. பெயர் எழுதத் தெரிந்த பிறகும் குறி ஒழியவில்லை. ஆகவே குறி அழகுக்கு அல்ல, உரிமைக்கு என்பது என் கருத்து. உரிமை ஆளுடையதா குடியுடையதா என்ற சண்டை மூன்று கூட்டங்களாக ஓடுகிறது, தீர்ந்தபாடில்லை.

செங்காவி பூசிய வண்ணக் கலங்கள் வேறு கதை. கொங்குப் பகுதியில் இவை நிறைய. கர்நாடகத்துப் பிரம்மகிரியில் 1947இல் அகழ்ந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும் இவ்வகையை விவரித்திருக்கிறார்: வெள்ளைக் கோடுகளை முதலில் தீட்டி, அதன்மேல் காவி பூசிய வேலை. ஆதிச்சநல்லூரில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த ஓட்டில் பெண், கொக்கு, மான், முதலை உருவங்கள் ஒட்டுவேலையாக, அதாவது தனி மண்ணில் செய்து கலத்தின்மேல் ஒட்டியவையாக உள்ளன. ஈர மண்ணில் மட்டுமே இப்படி ஒட்ட முடியும். என்ன உருவம் வேண்டும் என்பதைச் சூளை ஏற்றுமுன்பே யாரோ குயவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கருப்பு-சிவப்புக் கலம் சுடும் பயிற்சியில் முதல் சூளை கெட்டது. முறை எளிது: பாதி காய்ந்த கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, நன்றாக உலர்த்தி, உமிப் படுக்கையில் வாயைக் கவிழ்த்து அடுக்குவது. காற்றுப் புகாத உள்ளும் வாய்ப்புறமும் கரி ஏறிக் கருக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். அவசரப்பட்டு, தணல் ஆறுமுன் கலங்களை நிமிர்த்தினோம். காற்றுப்பட்டதும் கரி எரிந்து, உட்புறம் திட்டுத்திட்டாகச் செம்மை பாய்ந்துவிட்டது. இரண்டு கலங்கள் ஈரத்தோடு ஏற்றியதால் ஆவி கிளம்பி வெடித்தன. அடுத்த சூளையை மறுநாள் காலைவரை தொடவில்லை, கருப்பு நின்றது.

ஓடுகளை வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் போதும். பழைய படங்களைத் திரும்ப எடுக்கும் வேலை, புல் காய்ந்து தரை தெரியும் மாசியில் தொடங்கும். வருபவர்கள் டார்ச் கொண்டுவரவும்.

பணிவுடன்,
செயலர்