வயிறு உப்பலுக்கு மாத்திரை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய் வந்த கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட சீக்கிரம் இறந்துபோகிறார்கள் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தீர்கள். செய்தி சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் "அவங்க உடம்பு வாகு அப்படி" என்று சொல்லி பேப்பரை மடித்து வைத்துவிட்டார். இப்படித்தான் பலரும் படித்திருப்பார்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

உடம்பு வாகுதான் காரணம் என்றால் எல்லாக் காலத்திலும் அப்படியே இருந்திருக்க வேண்டுமே? 1970களின் நடுவில் நிலைமை தலைகீழாக இருந்தது. நோய் கண்டுபிடித்து 5 ஆண்டு தாண்டியவர்கள் கறுப்பினப் பெண்களில் 100க்கு 40க்கு மேல், வெள்ளையினப் பெண்களில் 35ஐ ஒட்டி. அதற்கப்புறம்தான் பெரிய ஆபரேஷன்களும் நல்ல கீமோ மருந்துகளும் வந்தன. வெள்ளையினத்தவர் 50ஐ நெருங்கிவிட்டார்கள், கறுப்பினத்தவர் மட்டும் 40ஐச் சுற்றியே நின்றுவிட்டார்கள். இத்தனைக்கும் இந்த நோய் வருவதே அவர்களுக்குத்தான் குறைவு. மருந்து ஆய்வுகளில் சேர்ந்து, இரண்டு தரப்பும் ஒரே கீமோவைப் போட்டுக்கொண்டவர்களை எடுத்துப் பார்த்தபோது நிறத்தால் வித்தியாசம் தெரியவில்லை என்று 2009இல் ஒரு ஆய்வு வந்தது. இன்னொரு விஷயமும் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் சிஏ-125 என்ற பரிசோதனையில் 35க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களை வைத்துப் போட்ட கோடு. கட்டி இருந்தும் அந்தக் கோட்டைத் தொடாத கறுப்பினப் பெண்கள் கூடுதல், அவர்களுக்குச் சிகிச்சை தொடங்குவதும் தள்ளிப்போகிறது.

சரி, இது அமெரிக்கக் கதை. நம் பக்கம் தோல் நிறத்தை வைத்து யாரும் கணக்கு எடுப்பதில்லை. ஆனால் ஓசூரில் கம்பெனி இன்சூரன்ஸ் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணும், சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக் காட்டோரத்திலோ இருக்கும் பெண்ணும் இந்த நோயோடு ஒரே அளவு காலம் வாழ்வார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

என் நாத்தனார் சித்தேரி அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் இருந்தவர். ரெண்டு வாய் சோறு தின்றால் வயிறு நிறைந்துவிடும், பாவாடை நாடா இறுக்குகிறது என்பார், அடிக்கடி ஒன்றுக்குப் போவார். பார்த்த டாக்டரெல்லாம் கேஸ் என்றார்கள், அப்புறம் அல்சர் என்றார்கள், ஒவ்வொரு தடவையும் காலையில் வெறும் வயிற்றில் போடும் அதே மாத்திரை. "எனக்குத்தான் கர்ப்பப்பையே எடுத்தாச்சே அண்ணி, இனி அங்க என்ன வரப்போகுது" என்று அவரே சொல்வார். கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பையை விட்டுவைப்பது உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கேன் எழுதினார்கள். அதற்கப்புறமும் டிபியாக இருக்கலாம் என்று கொஞ்ச நாள் போனது. அதை நான் குறை சொல்லமாட்டேன், வயிற்று டிபியிலும் தண்ணீர் சேரும், சிஏ-125ம் ஏறும். ஆனால் அதற்கு முன்னால் மாத்திரையிலேயே கழிந்த மாதங்களுக்கு என்ன சமாதானம்? சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் 100க்கு 90 பேர் 5 ஆண்டு தாண்டுகிறார்கள். வயிறெல்லாம் பரவிய பிறகு 30 பேரை ஒட்டித்தான் தாண்டுகிறார்கள்.

காப்பீட்டு அட்டை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆபரேஷனும் மருந்தும் அதில் போய்விடும். அரூரிலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாக சேலத்துக்கு பஸ், கூடத் துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி, வாந்தியோடு ராத்திரி திரும்புவது, இதெல்லாம் எந்த அட்டையில் வரும்? மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை கீமோ என்பது எழுதுகிறவருக்கு ஒரு வரி. நடுவில் நின்றுபோகிறவர்களை "ஒத்துழைக்காத நோயாளி" என்று குறித்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் ஏழைகள் மேல் இதே பழிதான் விழுகிறது.

ஊர் ஊராக எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். அதனால் சாவு குறையவில்லை என்று 2021இல் முடிவு சொல்லிவிட்டார்கள். மார்பகத்துக்கும் கருப்பைவாய்க்கும் இருப்பது போல இதற்கு முன்கூட்டிப் பிடிக்கும் பரிசோதனை இன்னும் வரவில்லை. ஆகவே, உடம்பு சொல்வதை யாராவது நேரத்தோடு காதில் வாங்க வேண்டும், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

அப்படிக் காதில் வாங்குவதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் அந்தப் பெண்கள் 40 வயது தாண்டியவர்களிடம் கூடவே ஒன்று கேட்டால் போதும்: "வயிறு உப்பலா இருக்கா, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சுடுதா, மூணு வாரமா விடாம இருக்கா?" ஆமாம் என்றால் மாத்திரையோடு அனுப்பாமல் ஸ்கேனுக்குச் சீட்டு. கர்ப்பப்பை எடுத்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஸ்கேனில் கட்டி சந்தேகமாக இருந்தால் ஊரிலேயே வயிற்றைத் திறந்துவிடாமல், புற்றுநோய் ஆபரேஷன் பழகியவரிடம் முதலிலேயே அனுப்ப வேண்டும். கட்டி உள்ளே உடைந்துவிட்டால் நோயின் நிலையே ஒரு படி ஏறிவிடும், கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்தான் கீமோவும் நன்றாகக் கேட்கும். அந்த ஆபரேஷன் முடிந்தபின் போடும் கீமோவையாவது தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே எல்லோருக்கும் போட ஏற்பாடு செய்தால் பாதிப் பேர் நடுவில் நிற்கமாட்டார்கள்.

அப்புறம், அந்தச் செய்தியை எழுதிய நிருபருக்கு ஒரு வேண்டுகோள். நம் இரண்டு மாவட்டத்திலும் இந்த நோய் வந்தவர்களில் எத்தனை பேர் எந்த வட்டம், எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், யார் சிகிச்சையை முடித்தார்கள் என்று சுகாதாரத் துறையிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்.