அதற்குள் முடிந்துவிட்டதா கிறிஸ்துமஸ்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் 26 இதழில் 'கேக் வெட்டி நிறைவடைந்தது கிறிஸ்துமஸ்' என்று தலைப்புப் போட்டு, ஏதோ ஒரு மாலில் பஞ்சுத் தாடி வைத்த தாத்தாவோடு பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும் படத்தையும் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். காபியோடு அதைப் படித்த என் மனைவி, "ஏங்க, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சாமே, குடிலை எடுத்து வச்சிடவா?" என்று கேட்டார். உங்கள் புண்ணியத்தில் வீட்டில் ஒரு சிரிப்பு.

நாங்கள் ராயபுரம். (ஊர்ப் பெயரே இராயப்பர், அதாவது பேதுரு பெயரில் வந்ததுதான். உங்களுக்குத் தெரியாததா!) எங்களுக்கு 24 நள்ளிரவில்தான் கிறிஸ்துமஸ் தொடங்குகிறது. ஜனவரி முதல் வாரத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் வரும்வரை குடிலைக் கலைக்க மாட்டோம். அந்த ராஜாக்களையும் என் அப்பா முதல் நாளே குடிலில் வைத்துவிட மாட்டார். கூடத்தின் மறுகோடி அலமாரி மேல் நிறுத்தி, ஒட்டகத்தோடு தினம் ஒரு சாண் நகர்த்திக்கொண்டே வருவார். (நற்செய்தி எழுதிய மத்தேயு மூன்று பேர் என்றும் சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, ஞானிகள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். அது எங்கள் வீட்டுச் சண்டை, விடுங்கள்.)

கேக்குக்கு முன்னால் நான்கு வாரம் திருவருகைக் காலம் என்று ஒன்று இருக்கிறது சார். மெழுகுவர்த்தி வளையத்தில் ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவோம், மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். சாமியார் ஊதா உடையில்தான் பூசை வைப்பார், ஞாயிறு திருப்பலியில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதம் கிடையாது. நான்கு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, 24 ராத்திரி கோவில் மணியெல்லாம் ஒன்றாக அடிக்க அதைத் திரும்பப் பாடும்போதுதான் எங்கள் கோவிலில் பாலன் இயேசு சொரூபத்தின் மேலிருக்கும் வெள்ளைத் துணியை எடுப்பார்கள். அதுவரை குடிலின் தீவனத் தொட்டியில் வைக்கோல் மட்டும்தான். இதில் ஒரு வரியாவது உங்கள் இணைப்பிதழில் வந்திருக்கிறதா? பிளம் கேக் செய்முறை மட்டும் இரண்டு பக்கம்!

தாத்தா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மூலம் மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ், அவருக்கு டிசம்பர் 6 தனியாகத் திருநாளே உண்டு. என் மகனே கேரல் பவனியில் அந்தச் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தவன்தான். ஆனால் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தாரே, 800 வருஷத்து வழக்கம், அதற்கு ஒரு படம் போட இடமில்லையா? சத்திரத்தில்தான் இடமில்லை என்று லூக்கா எழுதினார், பத்திரிகையிலுமா? எங்கள் வீட்டுக் குடிலில் புல்லுக்குக் கேழ்வரகு முளைக்கப் போடுவோம், மலைக்குப் பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சாயம் அடிப்போம். பெரும்பாலும் உங்கள் பத்திரிகைதான். அந்த வகையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் அந்த 26-ஆம் தேதி. 2004-இல் அதே தேதி ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஏறி வந்தபோது, கரையோரத்து ஜனங்கள் எங்கள் கோவிலுக்குத்தான் ஓடி வந்தார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. குடிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள், ஒரு பையன் ஆட்டுக்குட்டி பொம்மையைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். முடிந்ததென்று நாங்கள் யாரும் அன்றைக்குக் கோவிலைப் பூட்டவில்லை.

எழுத உட்கார்ந்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் புனித வெள்ளிக்கு 'நல்வாழ்த்துகள்' போடுகிறீர்கள். அது ஆண்டவர் சிலுவையில் இறந்த நாள், துக்க வீட்டு வாசலில் நின்று யாராவது வாழ்த்துச் சொல்வார்களா? சீர்திருத்தச் சபையான சிஎஸ்ஐ ஆலயத்து ஆராதனையைத் 'திருப்பலி' என்கிறீர்கள், கத்தோலிக்கர்களான எங்கள் பங்குத்தந்தையைப் 'போதகர்' என்கிறீர்கள், இரண்டும் தலைகீழ். முன்பே இரண்டு கடிதம் போட்டேன், உங்கள் மௌனம் எனக்குப் பழகிவிட்டது.

இந்த முறை கேட்பது சின்ன விஷயம். எங்கள் கோவில் நள்ளிரவுப் பூசை 12 மணிக்கு என்று 24-ஆம் தேதி இதழில் போட்டிருந்தீர்கள், தொடங்கியது 11.30-க்கு. அதை நம்பி, முட்டி வலியோடு அம்பத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த என் அக்கா உள்ளே நுழையும்போது மணி அடித்து ஓய்ந்து, துணியை எடுத்தாகிவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து அழுதாள், 74 வயது. கேக் வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கும். அடுத்த வருஷம் நேரம் போடுவதற்கு முன் கோவில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், போதும்.

இன்று 28. அப்பா இல்லை, இப்போது பேரன்தான் நகர்த்துகிறான். ராஜாக்கள் டிவி ஸ்டாண்டு வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முப்பது வருஷ வாசகன்,
ராயபுரம், சென்னை