கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பழைய சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தே மூடிப்போயிருந்தது. போன மாதம் நானும் பேரனும் தேங்காய்நாரால் தேய்த்துப் பார்த்தோம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு (முதல் உலகப் போர்தான்) இந்தக் கிராமத்திலிருந்து 11 பேர் போனார்கள், அவர்களில் ஒருவர் உயிர்நீத்தார் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான். யார் அந்த ஒருவர்?

என் பாட்டி கீழத்தெருவில் ஒரு வீட்டைக் 'கடுதாசி வீடு' என்பார். பையன் ஈராக்கில் இருக்கிற பஸ்ராவில் செத்துப்போனான் என்று கடுதாசி வந்த வீடு. எழுதப் படிக்கத் தெரியாத அவன் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்னொரு தரம் படிக்கச் சொல்வாளாம். வீடு இடிந்து குட்டிச்சுவராகிவிட்டது. அவன் பெயரைப் பாட்டியும் சொன்னதில்லை, நானும் கேட்டு வைக்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

மாதம் 11 ரூபாய்ச் சம்பளம், அதற்காகத்தான் பெரும்பாலும் போனார்கள். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், நம் பையன்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள், குழி வெட்டினார்கள். குண்டுக்குத் தப்பினவர்களைக் காலராவும் வெயிலும் கொண்டுபோனது. அந்தப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் 74,000 பேருக்கு மேல். பஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள், நம் சாதாரண சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்தான். கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அந்த ஆணையத்தின் பதிவேடுகளை இணையத்தில் தேடலாம், பல சிப்பாய்களுக்கு அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதின ஊர்ப் பெயர்கள், முனுசாமியையே நாலு விதமாக எழுதியிருப்பான், அதனால் நம் ஊர்க்காரர் உட்கார்ந்து படித்தால்தான் பிடிபடும். இதே வாசகத்தோடு, எண்ணிக்கை மட்டும் மாறி, தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களிலும் கல் இருக்கிறது. வாசகர்கள் தங்கள் ஊர்க் கல்லைப் படமெடுத்து அனுப்பினால் உங்கள் பத்திரிகை அதை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. தாத்தா காலத்துப் பெட்டியில் வட்டமாக ஒரு வெள்ளிப் பதக்கம் கிடந்தால், தயவுசெய்து பழைய வெள்ளி என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விளிம்பைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் அதில் பொறித்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்